தசை வளர்ப்பு: முதல் ஆறு மாதத்தில் விட்டுவிடாமல் இருக்கும் வழி

பாரம் தூக்கத் தொடங்குகிற பலர் இரண்டாம் மாத முடிவுக்குள் நின்றுவிடுகிறார்கள். தங்களுக்குச் சோம்பல் என்று தாங்களே சொல்லிக்கொள்வார்கள். காரணம் பெரும்பாலும் அதுவல்ல. முதல் ஆறு, எட்டுக் கிழமைகளில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்புகளிலிருந்து வருகிறது. ஏற்கெனவே இருக்கும் தசைநார்களை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்க மூளை பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். தசையின் பருமன் கண்ணுக்குத் தெரியுமளவுக்குக் கூட எட்டு முதல் பன்னிரண்டு கிழமை செல்லும். கண்ணாடியை மட்டும் நம்பியிருப்பவர், உடம்பு காட்டத் தொடங்கும் தறுவாயில் வெளியேறிவிடுகிறார். இந்த இடைவெளியைக் கடக்க, முன்னேற்றம் வேறோர் இடத்தில், ஒவ்வொரு கிழமையும் கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் கொப்பி.

அதற்கு முன் ஒரு விளக்கம். உடம்பு இறுக வேண்டும், பெருக்கக் கூடாது என்று கேட்பவர்களுக்கும் இதே வழிதான். தசை சற்றுக் கூடி, அதன் மேலிருக்கும் கொழுப்பு சற்றுக் குறையும்போது அந்தத் தோற்றம் வருகிறது. ஒரு கிலோ டம்பலை (ஒரு கையில் பிடித்துத் தூக்கும் பாரம்) ஐம்பது தரம் ஆட்டுவதால் அது வராது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பைத் தனியாகக் கரைக்கவும் மாட்டாது. பாரம் தூக்கினால் ஆண்களைப் போலாகிவிடுவோமோ என்று பயப்படும் பெண்களுக்கும் சொல்ல வேண்டும்: தற்செயலாக யாருக்கும் அப்படி ஆவதில்லை. அந்த அளவுக்குத் தசை வைக்கப் பல வருடம் அதற்கென்றே உழைக்க வேண்டும்.

கொப்பியில் என்ன எழுதுவது

40 பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்றும் பென்சிலும் போதும். கைத்தொலைபேசியிலும் எழுதலாம், ஆனால் இரண்டு செட்டுக்கு (ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு தொகுதிதான் ஒரு செட்) இடையில் அதைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் போய்விடும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வரி:

செவ்வாய், பின்னேரம் 6.10. ஸ்குவாட், 20 கிலோ: 10, 9, 8.

ஸ்குவாட் என்பது பாரத்தோடு குந்தி எழும்புவது; மூன்று செட்டில் 10, 9, 8 தரம். இதைக் கூட்டினால் 27. அடுத்த முறை 28 வந்தால் முன்னேற்றம். கண்ணாடி எதையும் சொல்லாத கிழமையிலும் இந்த எண் சொல்லும். கூட்டும் முறை இதுதான்:

1. எட்டுத் தரம் தூக்கி முடிக்கும்போது இன்னும் இரண்டு தரம் தூக்கலாம் என்று தோன்றும் பாரத்தைத் தெரிவு செய்யுங்கள். 
2. அதே பாரத்தில் மூன்று செட். செட்டுகளுக்கு இடையில் 90 வினாடி முதல் 2 நிமிடம் வரை ஓய்வு.
3. மூன்று செட்டிலும் 12 தரம் வரும் வரை பாரத்தைத் தொடவேண்டாம். எண்ணிக்கையை மட்டும் ஒன்றிரண்டாகக் கூட்டுங்கள்.
4. 12, 12, 12 வந்ததும் ஆகச் சிறிய அளவு கூட்டுங்கள்: கால் பயிற்சிகளுக்கு 2.5 முதல் 5 கிலோ, தோள், கைப் பயிற்சிகளுக்கு 1 முதல் 2.5 கிலோ. எண்ணிக்கை எட்டுக்கு இறங்கும். மறுபடி அங்கிருந்து ஏறுங்கள்.

இதில் பிழைக்கும் இடம் டம்பல்தான். பல ஜிம்களில் டம்பல்கள் 2.5 கிலோ இடைவெளியில் இருக்கும். தோளுக்கு 5 கிலோ தூக்குகிறவர் 7.5-க்குப் போனால் அது ஒரே தாவலில் 50 சதவீதக் கூட்டல். எட்டு வர வேண்டிய இடத்தில் மூன்று வரும், மனம் விட்டுப்போகும், அல்லது முதுகை வளைத்து இழுத்துத் தூக்குவீர்கள். இந்த இடத்தில் மட்டும் விதியைத் தளர்த்தி, 5 கிலோவிலேயே 15, 15, 15 வரை போய்விட்டு ஏறுங்கள்.

அடுத்த பிழை, எண்ணைக் கூட்டுவதற்காக அசைவைக் குறைப்பது. போன கிழமை தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும் வரை இறங்கிய ஸ்குவாட், இந்தக் கிழமை பாதியில் திரும்பினால் 28 என்பது பொய்யான 28. பக்கத்தில் ‘ஆழம் சரி’ அல்லது ‘ஆழம் குறைவு’ என்று ஒரு சொல் எழுதுங்கள். மாதத்தில் ஒரு தரம் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

கொழும்புக்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. இங்கே பகல் வெப்பம் வருடம் முழுக்க 30 பாகைக்கு அண்மையில். ஈரப்பதன் கூடிய காற்றில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே நிற்கும், உடம்பு சூடேறி இதயம் கூடுதலாக அடிக்கும். ஏசி இல்லாத இடத்தில், புழுக்கமான பின்னேரத்தில் செய்தால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று தரம் குறைவது இயல்பு. அன்று கொப்பியில் ‘புழுக்கம்’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கிழமை கழித்துப் பார்க்கும்போது அது பின்னடைவு போலத் தெரியும். பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் அரை லீற்றர் தண்ணீர் குடித்து, கையில் ஒரு போத்தலும் கொண்டுபோனால் இந்த இறக்கம் குறையும்.

நாள், நேரம், இடம்

‘இந்தக் கிழமை மூன்று நாள் போவேன்’ என்பது பெரும்பாலும் நடக்காது. ‘செவ்வாய் 6 மணிக்கு, வேலையிலிருந்து திரும்பும் வழியில், இந்த இடத்தில்’ என்பது நடக்கும். 2002-இல் பிரித்தானியாவில் மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோரே அடுத்த கிழமை பயிற்சி செய்தார்கள். எந்த நாள், எத்தனை மணி, எங்கே என்றும் சேர்த்து எழுதியவர்களில் 91 சதவீதத்தினர் செய்தார்கள். ஊக்கப் பேச்சுக்களைக் கேட்பதைவிட ஒரு வரி எழுதுவது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இதில் பார்க்கலாம்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது கருவிகளின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். வழியைப் பாருங்கள். கோட்டையில் வேலை, வெள்ளவத்தையில் வீடு என்றால், பின்னேரம் 5 மணிக்குப் பிறகு காலி வீதியில் 100, 101 பஸ்களில் நிற்கும் நேரமே ஒரு பயிற்சி நேரமளவு. வீட்டுக்குப் போய்ச் சாரத்தை மாற்றிக்கொண்டு மறுபடி வெளியே வருவது பத்தில் ஒன்பது நாள் நடக்காது. வீட்டுக்கு முந்திய தரிப்பிடத்தில் இறங்கி நேரே உள்ளே போகக்கூடிய ஜிம்தான் நல்ல ஜிம். சப்பாத்து, துவாய், மாற்றுடுப்பு மூன்றும் முதல் நாள் இரவே பையில் இருக்க வேண்டும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் பின்னேரத்திலும் வரும். அந்த மாதங்களுக்கு மட்டும் பயிற்சியைக் காலை 5.30-க்கு மாற்றுவது புத்தி. காலிமுகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ நடக்கிறவர்கள் அதே நேரத்தில் எழுந்துதான் வருகிறார்கள். அவர்களில் ஒருவரோடு சேர்ந்து வெளிக்கிட்டால் எழும்புவது இலகு.

அப்படியும் மழையோ கூடுதல் வேலையோ குறுக்கே வரும். அதற்காக 15 நிமிட மாற்று ஒன்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: தண்டால் 3 செட், கதிரையில் இருந்து ஒற்றைக் காலால் எழும்புதல் 3 செட், 10 கிலோ அரிசி போட்ட பாடசாலைப் பையைக் குனிந்து நின்று வயிறு வரை இழுத்தல் 3 செட். தொடர்மாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் போகாமல் பாய் விரித்துச் செய்யலாம். இதையும் கொப்பியில் எழுதுங்கள். இது முழுப் பயிற்சிக்கு ஈடாகாது. ஆனால் ‘இன்று விட்டுவிட்டேன்’ என்ற நினைப்பு வராது, அதுதான் இதன் வேலை.

பழக்கமாவதற்கு 21 நாள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து பார்த்து 2010-இல் வெளியிட்ட முடிவு: சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 22-ஆவது நாளும் எழும்பக் கஷ்டமாக இருந்தால் உங்களில் குறை ஒன்றுமில்லை.

எவ்வளவு செய்வது

ஆரம்பத்திலேயே கிழமைக்கு ஆறு நாள் வைத்துக்கொள்வதுதான் கைவிடுவதற்கான குறுக்குவழி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது, தசைகளுக்கான பயிற்சி கிழமைக்குக் குறைந்தது இரண்டு நாள். முதல் மூன்று மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும், 45 நிமிடம். ஸ்குவாட், படுத்தபடி டம்பலை மேலே தள்ளும் டம்பல் பிரஸ் அல்லது தண்டால், தலைக்கு மேலிருக்கும் கம்பியை நெஞ்சு வரை இழுக்கும் லாட் புல்டவுன், டம்பல் பிடித்து இடுப்பை மடக்கிச் செய்யும் டெட்லிஃப்ட், தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ், கடைசியில் முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்கி நிற்கும் பிளாங்க். ஆறே பயிற்சிகள். கிழமைக்குக் கிழமை மாற்ற வேண்டாம். மாற்றினால் போன கிழமை எண்ணோடு ஒப்பிட எதுவும் இருக்காது, கொப்பி ஊமையாகிவிடும்.

தசை நோ 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வந்து தானாக அடங்கும். முதல் கிழமையில் மூன்று செட்டும் செய்துவிட்டு, அடுத்த நாள் படியிறங்க முடியாமல் அந்த ஜிம் பக்கமே போகாமல் விட்டவர்கள் நிறையப் பேர். முதல் கிழமை ஒரு செட், இரண்டாவது கிழமை இரண்டு, மூன்றாவதிலிருந்து மூன்று என்று ஏறுங்கள். நோ தசையின் நடுவில் இரண்டு பக்கமும் பரவலாக இருந்தால் பயமில்லை. மூட்டில், ஒரே இடத்தில், குத்துவது போலிருந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன்னரே கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் புரதம் வேண்டும்

பயிற்சி ஒழுங்காக நடந்தும் மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், முதலில் தட்டைப் பாருங்கள். எங்கள் சாப்பாட்டில் சோறு, இடியப்பம், பாண் தாராளம். புரதம் ஓரத்தில் ஒரு துண்டு மீனாக இருக்கும். தசை வளர்க்க நினைப்பவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் போவதால் பெரிய பலன் இல்லை. 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம்.

கணக்குப் பார்க்க இவை போதும்: முட்டை ஒன்றில் 6 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் 22 முதல் 25, தோலில்லாத கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் 30 அளவு. காய்ந்த சோயா மீற் 50 கிராமில் 25. சமைக்காத பருப்போ பயறோ 50 கிராமில் 12. அவித்த கடலை ஒரு கோப்பையில் 14. கச்சான் ஒரு கைபிடியில் 7. பால்மா 25 கிராமில் 6. பருப்புக்கறியில் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் சேர்வதால், கறியாக அளந்து ஏமாறாதீர்கள். சமைக்கும் முன் பருப்பை அளவுங்கள்.

சாதாரண நாளில் இது கஷ்டமில்லை. காலையில் இரண்டு முட்டையும் கெட்டியான பருப்பும், மத்தியானம் உள்ளங்கையளவு சூரை மீன், நாலு மணிக்கு ரோல்ஸுக்குப் பதில் அவித்த கடலை, இரவு கோழி. 100 கிராம் வந்துவிடும். அறுந்துபோவது வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும். மரக்கறி என்றதும் சோறு, பருப்பு, கீரை, அப்பளத்தோடு 40 கிராமில் நாள் முடிந்துவிடுகிறது. வருடத்தில் ஐம்பத்திரண்டு வெள்ளி, அதோடு நவராத்திரி, கந்தசஷ்டி, கௌரி விரதம் எல்லாம் சேர்த்தால் சிறு தொகையல்ல. விரதத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமையலைத் திட்டமிட வேண்டும். காலையில் 75 கிராம் பயறு அவித்துத் தேங்காய்ப்பூவோடு, ஒரு கோப்பை பாலும். மத்தியானம் 50 கிராம் சோயா மீற் பிரட்டல், சோறும் பருப்பும். பின்னேரம் கடலை ஒரு கோப்பை. இரவு 200 கிராம் தயிர், ஒரு பிடி கச்சான், இடியப்பத்தோடு கெட்டிப் பருப்பு. இதுவும் 95 கிராமுக்குக் கிட்ட வரும். கந்தசஷ்டியில் ஒருவேளை மட்டும் சாப்பிடுபவர்களும், றமழான் நோன்பு பிடிப்பவர்களும் அந்த நாட்களில் எண்ணைக் கூட்ட முயல வேண்டாம். செட்டுகளைப் பாதியாக்கி, பாரத்தை அப்படியே வைத்திருந்தால் பலம் போகாது.

நிறை குறைக்கவும் வேண்டும் என்றால் புரதத்தைத் தொடாமல் சோற்றில் ஓர் அகப்பையும், தேநீரில் சீனியையும் குறையுங்கள். சாப்பாட்டை ஒரேயடியாக வெட்டினால் முதலில் விழுவது கொப்பியின் எண்கள், அடுத்தது உங்கள் உற்சாகம்.

புரதமாவு சாப்பாட்டில் குறைவதை நிரப்ப மட்டும். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற துணைஉணவு மாவு நாளுக்கு 3 முதல் 5 கிராம் பயன் தரும். தொடக்கத்தில் நீர் சேர்ந்து ஒரு கிலோ அளவில் நிறை கூடலாம், அது கொழுப்பல்ல. ‘மூன்று மாதத்தில் உடம்பு’ என்று ஊசியோ பெயரில்லாத குளிசையோ நீட்டுபவரிடமிருந்து விலகி நில்லுங்கள். அப்படி நீட்டப்படுவது ஸ்டீரொய்ட்டாக இருந்தால், அது உடம்பு தானாகச் சுரக்கும் ஹோர்மோனை நிறுத்தும், பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும், இதயத்தைக் கெடுக்கும்.

அளவுநாடா, படம், தராசு

தராசு தனியாக நின்றால் ஆளைக் கவிழ்த்துவிடும். முதல் நாள் கருவாடும் கொத்தும் சாப்பிட்டால் உப்புக்கு நீர் பிடித்து, மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும். தசை கூடிக் கொழுப்பு குறையும் மாதங்களில் முள் அசையாமலே நிற்கும். கிழமைக்கு மூன்று நாள், காலையில் மலசலம் கழித்தபின், சாப்பிடும் முன் நிறுத்து, மூன்றின் சராசரியை மட்டும் எழுதுங்கள்.

நாலு கிழமைக்கு ஒரு தரம் அளவுநாடா: தொப்புள் மட்டத்தில் இடுப்பு, மேற்கையின் நடு, தொடையின் நடு. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நீரிழிவு, இதய நோய் ஆபத்துக் கூடுதல் என்று எடுக்கிறார்கள். அந்த எண் இறங்குவது கை பருப்பதைவிடப் பெரிய வெற்றி. படம் எடுத்தால் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே உடுப்பு. முதல் நாள் படத்தைப் பன்னிரண்டாம் கிழமைக்கு முன் எடுத்து ஒப்பிட வேண்டாம். புதிதாகத் தொடங்கும் ஆணுக்கு மாதத்தில் அரைக் கிலோ தசை கூடினாலே நல்ல வேகம். அவ்வளவு சிறிய மாற்றத்தைத் தினமும் பார்க்கும் கண் பிடிக்காது.

எண்கள் நின்றுபோகும்போது

மூன்றாம் மாதத்தில் அநேகமாக வரும். மூன்று பயிற்சிகள் தொடர்ந்து ஒரே எண், அல்லது இறக்கம். உடனே புதுப் பயிற்சித் திட்டம் தேடாதீர்கள். கொப்பியில் தூக்கம் எத்தனை மணித்தியாலம் என்பதையும் ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். ஆறுக்குக் கீழே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. புரதம் எவ்வளவு என்று இரண்டு நாள் அளவுங்கள். இரண்டும் சரி என்றால் ஒரு கிழமை பாரத்தை வைத்துக்கொண்டு செட்டுகளைப் பாதியாக்குங்கள். அடுத்த கிழமை எண் பெரும்பாலும் அசையும்.

கல்யாணம், ஊர்ப்பயணம், டெங்கு, பரீட்சை என்று இரண்டு மூன்று கிழமை விடுபட்டால் பலத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். திரும்பி வரும் நாளில் பழைய பாரத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் பிழை. எட்டுக்குப் பதில் நாலு வந்ததும் எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து இரண்டு செட்டோடு தொடங்குங்கள். இரண்டு கிழமையில் பழைய இடத்துக்கு வரலாம். டெங்கு வந்து எழும்பியவர்கள் வைத்தியர் சொல்லும் வரை பாரம் பக்கம் போக வேண்டாம். தவறிய நாளை ஈடுகட்ட அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்வதும் வேண்டாம். ஒரு விதி போதும்: தொடர்ந்து இரண்டு முறை தவறக் கூடாது.

சுற்றி இருப்பவர்கள்

கொழுப்புக் குறைந்து முகம் ஒடுங்கியதும் சொந்தக்காரர் முதலில் சொல்வது, “என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சுபோனாய்? சுகமில்லையோ?” என்றுதான். அன்பில் சொல்வது. ஆனாலும் இரண்டு மாத உழைப்பை ஒரு நொடியில் சந்தேகப்பட வைத்துவிடும். “நல்ல சுகம் மாமி, முந்தி அஞ்சு கிலோ அரிசிப் பை தூக்க மூச்சு வாங்கும், இப்ப இருபது கிலோ தூக்கிறன்” என்று எண்ணைச் சொல்லுங்கள். எண்ணோடு யாரும் வாதாடுவதில்லை. வீட்டில் சமைப்பவரிடம் ‘டயற்’ என்று சொன்னால் மனம் நோகும். “இன்னும் ஒரு முட்டை வையுங்கோ, சோறு கொஞ்சம் குறையுங்கோ” என்று கேட்டால் சந்தோசமாக வைப்பார்கள்.

கூட்டாளியோடு செய்வது நல்லது. அவர் உங்கள் பலத்தில் இருக்க வேண்டியதில்லை, உங்கள் நேரத்தில் இருக்க வேண்டும். அவர் வராத நாளில் என்ன செய்வது என்பதையும் முதலே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நாளில் நின்றுவிடுவீர்கள். பயிற்சியாளர் வைத்தால் முதல் நான்கு கிழமைக்கு வைத்து, ஆறு பயிற்சிகளின் அசைவையும் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் கொப்பியைப் பார்க்காமலே தினமும் புதிது புதிதாகச் செய்யவைப்பவர் உங்களைக் களைக்க வைப்பார், வளர்க்க மாட்டார்.

ஆறாம் மாதம் முடிந்ததும் ஆறு பயிற்சிகளில் எவற்றின் எண் இன்னும் ஏறுகிறதோ அவற்றை அப்படியே விடுங்கள். இரண்டு மாதமாக நின்றுபோனவற்றை மட்டும் அதே தசைக்கான இன்னொன்றாக மாற்றுங்கள்: டம்பல் பிரஸுக்குப் பதில் நீளக் கம்பியால் செய்யும் பார்பெல் பெஞ்ச் பிரஸ், லாட் புல்டவுனுக்குப் பதில் கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல் அப். கிழமைக்கு நாலாவது நாள் சேர்ப்பதானால் அதற்கும் இப்போதுதான் நேரம். அப்போதும் நாள், நேரம், இடம் மூன்றையும் கொப்பியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.